பன்னெண்டு வார்த்தைப் பத்திரிகை

உக்காருங்க சார், ஃபேனுக்கு நேரா உக்காருங்க. புரூஃப் எடுக்கக் கொஞ்சம் நேரமாகும். கம்ப்யூட்டர்ல அடிக்கிறது எங்க வீட்டம்மா. பேப்பர் எடுக்க விருதுநகர் வரைக்கும் போயிருக்கா, வந்துருவா.

நீங்க உள்ள நுழையும்போதே கவனிச்சேன். ரெண்டு போர்டையும் மாத்தி மாத்திப் பாத்தீங்க. ஆமா சார், ரெண்டும் நம்ம போர்டுதான். மேல இருக்கது 'ஜெயக்கொடி ஆஃப்செட், மங்கலப் பத்திரிகைகள்'. ஜெயக்கொடிங்கறது வீட்டம்மா பேரு. கீழ இருக்கது 'கிரிப்டோ கரன்சி அறிமுக வகுப்பு, ஞாயிறு காலை பத்து மணி, கட்டணம் இல்லை, டீ உண்டு'. அருப்புக்கோட்டையில இதுக்குன்னு போர்டு வச்ச மொத ஆளு இந்தத் தனுஷ்கோடிதான். சிரிக்காதீங்க. எல்லாரும் மொதல்ல சிரிப்பாங்க. டீ குடிச்சிட்டு நோட்டு எடுத்து எழுதுவாங்க.

உங்க மகன் பத்திரிகையில சின்ன மாமா பேரக் கடைசிக்குத் தள்ளச் சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை யோசிங்க சார். நான் சொல்றேன்னு தப்பா நினைக்கக் கூடாது. இருபத்தொம்பது வருஷமா அடிக்கிறேன். பத்திரிகையில முக்கியம் தாளும் இல்ல, தங்க மையும் இல்ல. வரிசை. யாருக்கு அடுத்து யாரு. ஒரு தடவை பந்தல்குடிக்காரர் ஒருத்தர், தாய்மாமன் பேரு சித்தப்பா பேருக்குக் கீழ வந்திருச்சுன்னு மண்டப வாசல்லயே நின்னுட்டாரு. உள்ளயே வரல. மாலையைக் கையில வச்சுக்கிட்டு ரோட்ல நிக்கிறாரு. அன்னையில இருந்து வரிசைன்னா எனக்கு உசுரு.

அதனாலதான் பிளாக்செயின் எனக்குச் சட்டுன்னு புரிஞ்சது.

பொறுங்க, உங்களுக்கும் ரெண்டே நிமிஷத்துல புரிய வைக்கிறேன். இப்ப உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை அடிக்கிறோம். ஆயிரம் வீட்டுக்குப் போயிருச்சு. அப்புறம் யாரோ ஒருத்தர் தன் வீட்டுப் பத்திரிகையில பேனாவை எடுத்து, என் பேரு மேல இருந்துச்சுன்னு திருத்துறாரு. செல்லுமா? மத்த தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வீட்லயும் எடுத்துப் பாத்தா சாயம் வெளுத்துரும்ல? அதான் சார். யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுங்கறது ஊர் பூராக் கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு பிரதி. ஒருத்தன் நினைச்சாத் திருத்த முடியாது. சங்கிலின்னு ஏன் சொல்றாங்க? நாளைக்குப் பேரனுக்குக் காதுகுத்துன்னு வருவீங்க. அந்தப் பத்திரிகையில இருக்க அப்பா அம்மா பேரு, இந்தக் கல்யாணப் பத்திரிகையோட ஒத்துப்போகணும்ல? அதே மாதிரி ஒவ்வொண்ணும் முந்தினதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

டோக்கன் கேக்குறீங்களா? அதுவும் நம்ம சமாச்சாரம்தான். மண்டபத்துல தாம்பூலப் பைக்கு டோக்கன் குடுக்குறாங்கள்ல? பை இருக்க வரைக்கும் அதுக்கு மதிப்பு. பை தீந்துபோச்சுன்னா வெறும் அட்டை. கிரிப்டோவுல ஆயிரக்கணக்குல டோக்கன் இருக்கு. எந்த மண்டபம், பை உண்மையிலேயே இருக்கா, குடுக்கிறவன் யாருன்னு பாக்காம வாங்கக் கூடாது. இதுதான் என் முதல் ஞாயிறு பாடம். பாத்திரக்கடைச் சுந்தரவல்லியக்கா இதைக் கேட்டுட்டு எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருச்சு. ஏன்னு கேட்டதுக்கு, 'எனக்கு இதுவே போதும் தம்பி'ன்னுச்சு. மறு வாரம் டீக்கு வந்திருச்சு.

எனக்கு இதைக் காட்டிக் குடுத்தது வீட்டம்மாவோட அண்ணன் மகன் நவநீதன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு வந்திருந்தான். மாமா, ஒரு ஐயாயிரம் போட்டுப் பழகிப் பாருங்க, போனாலும் பரவாயில்லைங்கற காசா இருக்கணும்னான். நான் ஐயாயிரம் போடுற ஆளா சார்? ஒரு லட்சத்து எண்பதாயிரம் போட்டேன்.

என் காசு இல்ல. ஜெயக்கொடி காசு.

அவ காசுன்னா, பக்கத்துக்கு இவ்வளவுன்னு அடிச்சதுக்கு நான் குடுத்த கூலி. பொண்டாட்டின்னு சும்மா வேலை வாங்கறதில்ல நான். பதினோரு வருஷமாச் சேத்து வச்சிருந்தா. எதுக்குன்னா, கார் வாங்க. நாப்பத்தாறு வயசுல போயி டிரைவிங் கத்துக்கிட்டா சார். மொத டெஸ்ட்லயே எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிட்டா. அந்த லைசென்ஸைச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கா. திருச்செந்தூர் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போயிக் கடலைப் பாக்கணுங்கன்னு எப்பப் பாத்தாலும் சொல்லுவா. பழைய கார் ரெண்டு லட்சத்துக்குக் கெடைக்கும்னு விசாரிச்சு வச்சிருந்தா. நான்தான், பழைய காரு எதுக்கு, ஒரு வருஷம் பொறு, நல்ல காராவே வாங்கலாம்னு சொன்னேன். உங்களை நம்பித்தான் தர்றேன்னு எடுத்துக் குடுத்தா. அந்த வார்த்தையை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. எனக்கு அது மறக்கல.

சரி, காசைப் போட்டாச்சு. வாலட்ல வந்திருச்சு. வாலட்னா பர்ஸ்தான், ஆனா உள்ள காசு இருக்காது. காசு அந்தச் சங்கிலியிலதான் இருக்கு. பர்ஸ்ல இருக்கது சாவி. போன் தொலைஞ்சாலும் சாவியைத் திரும்பச் செஞ்சுக்கலாம். அதுக்குப் பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தை குடுப்பான். நவநீதன் ஆணி அடிச்ச மாதிரிச் சொன்னான்: மாமா, இதைக் காயிதத்துல எழுதிப் பத்திரமா வைங்க. யாருக்கும் காட்டாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க.

அந்தப் பன்னெண்டு வார்த்தையைப் பாத்ததும் எனக்கு மயக்கமே வந்திருச்சு சார். மொத வார்த்தை என்னா தெரியுமா? 'டிவோர்ஸ்'. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில! கடைசி வார்த்தை 'டிராஜிக்', சோகமாம். நடுவுல 'கோஸ்ட்', பேயி, அப்புறம் 'ஆர்ஃபன்'. அகராதியைப் பாத்தா அநாதைன்னு போட்டிருக்கு. நல்ல வார்த்தையும் இருந்துச்சு. வெட்டிங் இருக்கு, கோல்டு இருக்கு, ஃபிளவர் இருக்கு, ரைஸ் இருக்கு, லேம்ப் இருக்கு, ஹேப்பி இருக்கு, அங்கிள் கூட இருக்கு. எல்லாம் இருந்தும் வரிசை தெரியாத எவனோ அடுக்கியிருக்கான்.

பால்பாயிண்ட்ல கிறுக்கி வைக்க மனசு வரல. இத்தனை வருஷம் ஊருக்கே அச்சடிக்கிறோம், நம்ம சொத்துக்கு ஒரு அட்டை அடிக்கக் கூடாதா? ஜெயக்கொடிகிட்ட, அடி, ஆனா படிக்காதேன்னு சொன்னேன். படிக்காம எப்பிடிங்க அடிக்கிறதுன்னா. சரி, படி, ஆனா மனசுல வச்சுக்காதேன்னேன். போன்ல இருந்தபடியே அடிச்சா. புரூஃப் எடுத்துக் குடுத்தா. நான் செவப்புப் பேனாவை எடுத்தேன்.

வேற யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. வெட்டிங் மேல. அடுத்து கோல்டு, ஃபிளவர், லேம்ப், ரைஸ். அங்கிள் அஞ்சுக்குள்ள வரணும், தாய்மாமன் விஷயம், ஆனா ரைஸைத் தாண்டி ஆறாவதாத்தான் போட முடிஞ்சது. கெட்டதையெல்லாம் நடுவுல, பொடி எழுத்துல. கடைசியில ஹேப்பி. மேல பிள்ளையார், ரெண்டு ஓரத்துலயும் குத்துவிளக்கு, சந்தனக் கலர் அட்டை, தங்க மை. ஒரே ஒரு பிரதி. அடிச்சு முடிச்சதும் செவப்புப் பேனா புரூஃபைக் கொளுத்திட்டேன். கம்ப்யூட்டர்ல இருந்தும் அழிச்சிருன்னேன். சரிங்கன்னா. அட்டையைப் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினேன். பாத்தா யாரோ பெரிய வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கும் சார். இன்னும் இருக்கு, அப்புறம் காட்டுறேன்.

எட்டே மாசத்துல காசு ரெண்டு மடங்கு. அப்பத்தான் கீழ அந்தப் போர்டை வச்சேன். ஜெயக்கொடி ஷோரூமுக்கே போயிட்டு வந்துட்டா. செவப்புக் கலர்னு முடிவு பண்ணிட்டா. இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு நான் சொன்னேன். அந்த வாரம் போன் பசை வாளிக்குள்ள விழுந்திருச்சு. பைண்டிங் பசை. எடுத்துப் பாத்தா போனுக்கும் எனக்கும் ஒட்டு உறவு தவிர ஒண்ணும் மிச்சமில்ல.

நான் அசரல. சாவிதான் இருக்கே! புதுப் போன் வாங்கி, அட்டையை எடுத்து, பன்னெண்டு வார்த்தையையும் அடிச்சேன். தப்புங்கறான். கண்ணாடியைத் தொடைச்சுட்டு மறுபடி அடிச்சேன். தப்பு. நவநீதனுக்குப் போன் போட்டேன். 'மாமா, வரிசை மாறாம எழுதினீங்கள்ல?'ன்னு கேட்டான். மாறாமலா, நல்லா சீர்படுத்தியே எழுதினேன்டான்னேன். 'ஐயோ மாமா, அந்த வரிசைதானே சாவி!'ன்னு கத்தினான்.

பன்னெண்டு வார்த்தையை நாப்பத்தேழு கோடியே தொண்ணூறு லட்சம் விதமா அடுக்கலாமாம் சார். அதுல ஒண்ணுதான் சாவியாம். அப்பவும் நான் விடல. மொத வார்த்தை டிவோர்ஸ், கடைசி டிராஜிக், அது ரெண்டும் செத்தாலும் மறக்காது. மிச்சம் பத்து வார்த்தைதானே? முப்பத்தாறு லட்சமாக் குறைஞ்சிருச்சு. எவ்வளவு பெரிய முன்னேற்றம்! தினம் கடை திறக்குறதுக்கு முன்னாடி பத்து விதம் போட்டுப் பாக்கறதுன்னு ஆரம்பிச்சேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி நாலு வருஷத்துல முடிஞ்சிரும்.

நவநீதன், வார்த்தையைக் குடுங்க மாமா, நான் புரோகிராம் எழுதிக் கண்டுபிடிக்கிறேன்னான். பாத்தீங்களா! நானே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு சொன்னவன் அவன்தானே? என்னைச் சோதிக்கிறான். நான் வாயைத் திறக்கல.

ஜெயக்கொடி சண்டை போடல சார். போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. அன்னைக்குக் கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காந்து, யாரோ ஒருத்தர் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை அடிச்சுக்கிட்டே அழுதா. அழுதுகிட்டே 'தங்கள் நல்வரவை நாடும்'னு அடிக்கிறா. நம்பிக் குடுத்தவளை இப்பிடி அழவிட்டுட்டோமேன்னு நான் பின்னாடி கட்டிங் மிஷினைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துல அழுதேன். அது யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன்.

காசு போகலைன்னு அவளுக்குச் சொல்லிப் பாத்தேன். உண்மையிலேயே போகல சார். அதான் இந்தத் தொழில்நுட்பத்தோட அழகு. வாலட்டோட முகவரியைப் போட்டா யார் வேணாலும் பாக்கலாம். அங்கயே இருக்கு, பத்திரமா இருக்கு, தொகை ஏறுது, இறங்குது. எடுக்கத்தான் முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் வகுப்புல பெரிய திரையில அதைத்தான் காட்டுவேன். 'இதோ பாருங்க, இது என் சொத்து.' எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாப்பாங்க.

நாலு மாசம் ஆச்சு. அப்புறம் ஒரு நாள் ஜெயக்கொடி அழுகையை நிப்பாட்டிட்டா. பொம்பளைங்க மனசு அப்பிடித்தான், தானே ஆறிரும். கம்ப்யூட்டர்ல பழைய பைலையெல்லாம் தோண்டிக்கிட்டு உக்காந்திருந்தா, ஒரு பகல் முழுக்க. எங்க கம்ப்யூட்டர் இருக்கே, அதுல ஒரு பத்திரிகைக்கு 'ஒண்ணு', 'ரெண்டு', 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்'னு அஞ்சு கிடக்கும். அவ எதையும் அழிக்க மாட்டா. என்னாடி தேடுறேன்னு கேட்டேன். சும்மா, குப்பையைக் கூட்டுறேங்கன்னா. திரும்பி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. எத்தனை நாளாச்சு அந்தச் சிரிப்பைப் பாத்து! நானும் சிரிச்சேன்.

அந்த வாரக் கடைசியில நவநீதன் திடீர்னு வந்து நின்னான். அத்தையைப் பாக்கணும்போல இருந்துச்சாம். பாசக்காரப் பய. ரெண்டு பேரும் அடுப்படியில உக்காந்து மணிக்கணக்காக் குசுகுசுன்னு பேச்சு. கல்யாணப் பேச்சு எடுத்திருப்பான், கூச்சம், என்கிட்டச் சொல்ல மாட்டான்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. வகுப்புல பதினோரு பேரு. திரையில முகவரியைப் போட்டேன். 'இதோ பாருங்க, இது என் சொத்து'ன்னு கையை நீட்டினேன். பூஜ்யம் சார்.

நாலு லட்சத்துப் பன்னெண்டாயிரம், முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, அப்பிடியே வேற ஒரு முகவரிக்குப் போயிருக்கு. சுந்தரவல்லியக்கா, 'யாரு தம்பி எடுத்தது?'ன்னு கேட்டுச்சு. அதான் தெரியாதுக்கா, எந்த முகவரிக்குப் போச்சுன்னு உலகத்துக்கே தெரியும், ஆளு யாருன்னு மட்டும் தெரியாதுன்னேன். வேற வாத்தியாரா இருந்தா அங்கயே இடிஞ்சு உக்காந்திருப்பான். நான் அதையே பாடமா நடத்தினேன். திருட்டுக்குக்கூட நேரம் நிமிஷம் போட்டு ரசீது இருக்கு பாருங்க, இந்த வெளிப்படைத்தன்மை எந்தப் பீரோவுல இருக்குன்னு கேட்டேன். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருத்தர் கையே தட்டிட்டாரு. அந்த நேரம் பாத்து ஜெயக்கொடி டீத் தட்டோட வந்தா. திரையைப் பாத்தா. முந்தானையை வாயில வச்சு அழுத்திக்கிட்டு, தோளெல்லாம் குலுங்க உள்ள ஓடிட்டா. பாவம் சார், ஆறின புண்ணை மறுபடி கிளறின மாதிரி ஆயிருச்சு. நவநீதன் பின்னாடியே போயி ஆறுதல் சொன்னான். அவனுக்கும் தாங்கல, உள்ள இருந்து ரெண்டு பேரு விம்முற சத்தமும் கேட்டுச்சு.

ரஷ்யாக்காரன் சார். நான் விசாரிச்சுட்டேன். இந்த மாதிரி வேலையெல்லாம் அவனுகதான் பண்ணுவானுகளாம். எனக்குக் கோவம் வந்துச்சு, இல்லேங்கல. ஆனா ஒரு விதத்துல மரியாதையும் வந்துச்சு. நாப்பத்தேழு கோடி வரிசையில ஒண்ணைப் பிடிச்சிருக்கான்னா அவன் எவ்வளவு பெரிய மண்டை! அப்பிடிப்பட்டவன் ஒருத்தன் ராப்பகலா அருப்புக்கோட்டைத் தனுஷ்கோடி பூட்டின பூட்டோட மல்லுக்கட்டியிருக்கான். நான் பண்ணின பூட்டு அப்பிடி.

கடவுள் ஒரு பக்கம் எடுத்தா இன்னொரு பக்கம் குடுப்பான்னு இருக்குல்ல, அது நடந்துச்சு. பத்தே நாள். வாசல்ல செவப்புக் கார். ஓட்டிட்டு வந்தது ஜெயக்கொடி! ஏதுடின்னேன், எங்கண்ணன் சீர் செஞ்சாருங்கன்னா. அவ அண்ணன் வேலாயுதம் இருக்காரே, நவநீதனோட அப்பா, கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாப் பொங்கச் சீருன்னு ரெண்டு கரும்பும் ஒரு வெங்கலக் கரண்டியும் தவிர எதையும் கண்ணுல காட்டாத மனுசன். நாலு லட்சத்தஞ்சாயிரத்துக்குக் கார் வாங்கி, ஏழாயிரத்துக்கு இன்சூரன்ஸும் கட்டிக் குடுத்திருக்காரு. தங்கச்சி அழுதது அந்தக் கல்லு மனசையும் கரைச்சிருச்சு பாருங்க. நன்றி சொல்லலாம்னு போன் பண்ணினேன். என்னா காருன்னு கேக்குறாரு சார்! செஞ்சதை வெளியில சொல்லிக்காத பெருந்தன்மை. இத்தனை வருஷமா அவரைத் தப்பா நினைச்சிட்டேனேன்னு வெக்கமாப் போச்சு.

திருச்செந்தூர் போனோம். அவதான் ஓட்டினா. நான் பக்கத்துல உக்காந்து போனேன். கடலைப் பாத்ததும் காரை நிப்பாட்டிட்டு அப்பிடியே உக்காந்திருந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டா. எனக்குச் சந்தோசந்தான், ஆனா ஒரு உறுத்தல். இந்தக் காரை நானில்ல வாங்கிக் குடுத்திருக்கணும்? என்னை நம்பிக் காசைக் குடுத்தா, மச்சான் காருல வந்து உக்காந்திருக்கேன். அந்த இடத்துலயே அவகிட்டச் சொன்னேன்: ஜெயக்கொடி, நான் மறுபடியும் மொதல்ல இருந்து போடப் போறேன். உன் காசு வேண்டாம், என் காசு. விட்டதைப் பிடிச்சுக் காட்டுறேன்னேன்.

கத்துவான்னுதான் பாத்தேன். கத்தல சார். போடுங்க, ஆனா அந்தப் பன்னெண்டு வார்த்தையை நான்தான் எழுதி வைப்பேன், உங்க கண்ணுலயே காட்ட மாட்டேன்னுட்டா. இப்ப போன மாசம் வாலட் திறந்தப்ப, என்னைப் பின்னாடி திரும்பி நிக்கச் சொல்லிட்டு எழுதிக்கிட்டா. எங்க வச்சிருக்கான்னு எனக்கே தெரியாது. மொத வார்த்தை நல்ல வார்த்தையான்னு மட்டுமாவது சொல்லுடின்னு கெஞ்சினேன். ம்ஹூம்.

இதான் சார் பாதுகாப்பு. என் வகுப்புல எத்தனையோ பேரு வந்தாங்க, டீ குடிச்சாங்க, போனாங்க. பாடத்தை உள்ள வாங்கினது என் பொண்டாட்டி ஒருத்திதான்.

அந்தா, ஹாரன் சத்தம். வந்துட்டா. எந்திரிக்காதீங்க, இப்ப புரூஃப் எடுத்துருவா. அவகிட்ட ரஷ்யாக்காரன் பேச்சை மட்டும் எடுத்துறாதீங்க, உடனே முந்தானையை வாயில வச்சுக்குவா. அவ்வளவு வேதனையிலயும் என்னை விட்டுக் குடுக்கல சார் அவ. நேத்துக்கூட, இந்த மாசம் எவ்வளவு போடலாம்னு நான் தயங்கித் தயங்கிக் கேக்குறேன். பக்கத்துல வந்து உக்காந்து என் தலையைத் தடவிக் குடுத்துட்டுச் சொல்றா:

"நீங்க பாட்டுக்குப் போடுங்க. எடுக்கறதை நான் பாத்துக்கறேன்."